அப்பா நெற்றியில் ஒரு கோடு

வெள்ளிக்கிழமை, மஸ்கட்டில் லீவு. மறையூரில் இருந்து தங்கச்சி போன்.

"அண்ணா, அப்பா நெத்தியில வெள்ளக் கோடு விழுந்திருக்கு. என்ன பண்ணி வெச்சீங்க?"

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. கோடு விழுந்தது வலைப்பக்கத்தில் இருக்கும் அவர் படத்தில்.

2005-ல் கொழிஞ்சாம்பாறை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானே செய்த குடும்பப் பக்கம் அது. அன்றைய நெட் வேகத்துக்கு அப்பா படத்தை நாலு துண்டாக வெட்டி, டேபிள் கட்டங்களில் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டியிருந்தேன். ஒட்டு தெரியவே தெரியாது. பக்கத்தில் இன்னொரு டேபிளில் சொந்தக்காரர்கள் பெயர்.

இப்போது அம்மாவுக்குக் கண் மங்கல். எழுத்தைப் பெரிதாக்கினேன். டேபிளுக்கு வெளியே இருந்ததெல்லாம் பெரிதானது, உள்ளே இருந்த பெயர்கள் மட்டும் அசையவில்லை. தேடிப் பார்த்ததில், பக்கத்தின் முதல் வரியாக டாக்டைப் இல்லை என்று தெரிந்தது. சேர்த்தேன். பெயர்கள் பெரிதாயின. அப்பா நெற்றி பிளந்தது!

பி.காம் மூளைக்குப் புரிந்தபடி சொல்கிறேன். செக்கின் மூலையில் இரண்டு கோடு போட்டால் தொகை மாறாது, பெயர் மாறாது. ஆனால் கவுண்டரில் பணம் கிடைக்காது, கணக்கில்தான் வரவு. டாக்டைப்பும் அப்படித்தான். அது இல்லாத பக்கத்தை பிரவுசர் திருப்பி அனுப்பாது. தொண்ணூறுகளின் பழைய பக்கம் என்று எண்ணி, அந்தக் காலத்து வழக்கப்படியே காட்டும் (க்விர்க்ஸ் மோட் என்று பெயர்). அந்த வழக்கத்தில், வெளியே சொன்ன எழுத்தளவு டேபிளுக்குள் போகாது. வரி இருந்தால் எல்லாம் விதிப்படி.

விதிப்படி என்றால் படமும் ஓர் எழுத்து மாதிரி வரியில் உட்காரும். 'ழு'வுக்குக் கீழே வால் தொங்க இடம் வேண்டுமல்லவா? அதே இடத்தை ஒவ்வொரு துண்டுக்குக் கீழேயும் விட்டுவிட்டது. 1999-ல் வந்த எச்டிஎம்எல் 4.01-ன் டிரான்சிஷனல் வரியை முழு முகவரியோடு போட்டிருந்தால் இந்த இடைவெளி வந்திருக்காதாம். நான் போட்டது எச்டிஎம்எல் 5-ன் குட்டி வரி. சோம்பேறித்தனம் :-)

வரியை எடுத்தால் அப்பா சரியாவார், அம்மாவுக்குப் படிக்க முடியாது. ராத்திரி ஒரு மணி வரை முழித்து, படங்களுக்கு மட்டும் 'டிஸ்பிளே பிளாக்' என்று ஒரு குறிப்பு சேர்த்தேன். துண்டுகள் ஒட்டிக்கொண்டன.

காலையில் மறுபடி போன். பின்னால் அம்மா குரல், ஒவ்வொரு பெயராக, சத்தமாக. பொள்ளாச்சி சித்தப்பா பெயர் வந்ததும் நிறுத்தி, "இவன் ஏன்டி போனே பண்றதில்ல?" என்றாள்.