அவரவர் தலைக்கு அவரவர் தொப்பி

செஞ்சிக்காரி என்று சொன்னால் போதும், "ஓ, தேசிங்கு ராஜா ஊரா?" என்று கேட்பார்கள். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி, சின்ன வயசிலேயே உயிரை விட்டவர் அவர். ராஜாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுத்த பேச்சு அவருடைய குதிரையைப் பற்றித்தான். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் சோறூட்டுவதே அந்தக் கதையைச் சொல்லித்தான். கோட்டைக்குள் கல்யாண மகாலையும் குதிரை லாயங்களையும் காட்டாமல் எந்த விருந்தாளியையும் நாங்கள் அனுப்புவதில்லை. 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் கோட்டை சேர்ந்த பிறகு, என் வீட்டுக்கு விருந்தாளிகள் வரத்தும் கூடிவிட்டது!

ஆனால் கதையில் ராஜா குதிரை ஏறுவது வேறு. நம் வயிற்றில் பிறந்த பெண் ஏறுவது வேறு. என் மகள் வெளியூரில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். அங்கே என்.சி.சி.யில் குதிரைப் பிரிவு உண்டாம். முதல் வருஷமே சேர்ந்துவிட்டாள். "பொட்டப் புள்ளைக்குக் குதிரை எதுக்கும்மா?" என்று மாமியார் முணுமுணுத்தார். "ஊர் ராசி அம்மா, விடு" என்று இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதச் செலவில் மிச்சம் பிடித்து ஹெல்மெட், முழங்கால் வரைக்கும் பூட்ஸ், கையுறை எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். குதிரையும் சேணமும் அவர்களுடையது. உடம்பில் போடுவது நம்முடையது.

பொங்கல் லீவுக்கு வந்தவளின் பையைப் பிரித்தால், உள்ளே இருந்த ஹெல்மெட் நான் வாங்கிக் கொடுத்தது இல்லை.

"எல்லாரோடதும் கறுப்புதாம்மா. ஆணியில வரிசையா மாட்டி வெச்சிருப்போம். அவசரத்துல யாரோ என்னோடதைப் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. அதான் மிச்சம் இருந்ததை நான் போட்டுக்கிட்டேன்."

அதை அவள் தலையில் வைத்து, வாரை மாட்டி, லேசாக அசைத்துப் பார்த்தேன். இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குச் சுற்றியது. அந்த மாதம்தான் அவளோடு படிக்கும் பெண் ஒருத்தி குதிரையிலிருந்து விழுந்து நெற்றியில் மூன்று தையல். அவள் தலையில் இருந்ததும் அவளுடையது இல்லையாம். விழும்போது ஹெல்மெட் பின்பக்கம் சரிந்துவிட்டதாம்.

சாமான் தொலைந்தால் காசோடு போயிற்று என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். தலைக்கவசம் மாறிப்போவது அப்படி இல்லை. தலையை ஆட்டினால் அது நகரவே கூடாது. நெற்றியை மறைத்து உட்கார வேண்டும். தாடை வார் இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு தடவை பலமாக அடிபட்டுவிட்டால், வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் மெத்தை நசுங்கி, அடுத்த அடியைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். யாருடையதோ என்று தெரியாத ஹெல்மெட் எத்தனை தடவை விழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

இன்னொரு சமாசாரம் மகள் சொன்னது. குதிரைக்கும் படர்தாமரை வரும். தேய்க்கும் பிரஷ், வயிற்று வார், சேணத்துக்கு அடியில் போடும் துணி இவற்றைக் குதிரைக்குக் குதிரை மாற்றினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். தேய்க்கிற பிள்ளைகளின் கையிலும் வரும். தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டால் பேன் வரும் என்பதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை!

குதிரை விஷயத்தில் அடையாளம் போடுவது புதுசும் அல்ல. டில்லியில் அலாவுதீன் கில்ஜி காலத்திலேயே படைக் குதிரைகளுக்குச் சூடு போட்டுக் குறி வைத்தார்கள். பிறகு அக்பரும் அந்த முறையைக் கொண்டுவந்தார். நல்ல குதிரைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, கணக்கெடுப்பில் நோஞ்சான் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தும் தந்திரத்தைத் தடுக்கத்தான். சரியான குதிரை சரியான ஆளிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நமக்கும் அதே கேள்விதான், சூடு மட்டும் வேண்டாம்.

லீவு முடிவதற்குள் தாயும் மகளுமாக உட்கார்ந்து செய்ததைச் சொல்கிறேன்.

ஹெல்மெட்: புதிதாக வாங்கினோம். வெளி ஓட்டில் பெயின்ட், தின்னர், பெட்ரோல் எதுவும் படவிடக் கூடாது. சில வகைப் பிளாஸ்டிக் ஓடு கண்ணுக்குத் தெரியாமல் பலம் குறைந்துவிடும். வெள்ளை நாடாத் துணியில் அழியாத மார்க்கர் பேனாவால் எழுதி, உள்ளே இருக்கும் துணி உறையில் தைத்தோம். பெயர், ரத்த வகை, ஒவ்வாத மருந்து, வாங்கிய மாதம், வருஷம், ஒரு போன் நம்பர். அந்த நம்பர் வீட்டு நம்பராக இருக்கட்டும். அவள் மயங்கிக் கிடக்கும்போது அவள் நம்பரையே கூப்பிட்டு என்ன பயன்? பெண் பிள்ளைகளின் நம்பரும் விலாசமும் வெளியே தெரியும்படி எழுதவே வேண்டாம்.

பூட்ஸ்: நாக்கின் உள்பக்கம் மார்க்கரில் எழுதினோம். ஜோடி மாறாமலிருக்க இரண்டிலும் எழுத வேண்டும். கால் வியர்வையில் மங்கும். ஒவ்வொரு லீவிலும் ஒரு தடவை பார்த்து மேலே எழுதிவிடுங்கள்.

கையுறை, கால்சட்டை: இடுப்புப் பட்டியின் உள்ளே சங்கிலித் தையலில் முதல் எழுத்து. சாயம் போகாத நூலாக இருக்கட்டும். அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளிகள் சேராங்கொட்டைச் சாற்றால் போட்ட குறி எத்தனை வெளுத்தாலும் போகாது. ஆனால் அந்தச் சாறு பட்டால் தோல் புண்ணாகிவிடும். குறி போட்ட துணியை உடுத்தியவர்களுக்கே கழுத்திலும் இடுப்பிலும் கொப்பளம் வந்ததுண்டு. வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

இரும்புச் சாமான்: குதிரை உடம்பைத் தேய்க்கும் இரும்புச் சீப்பையும், எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலையும் பாத்திரக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். எத்தனையோ குடத்திலும் அண்டாவிலும் பெயர் வெட்டிய கடைக்காரர் சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்னாம்மா, தலை சீவுறதா?"

"குதிரைக்குங்க."

"அடேங்கப்பா! யார் பேரு போடட்டும்? சார் பேரா?"

நியாயமான கேள்விதான். என் வீட்டுப் பரணில் இருக்கிற பாத்திரங்களை நினைத்துப் பார்த்தேன். குடத்தில் என் அப்பா பெயர். அடுக்கில் மாமனார் பெயர். தட்டுகளில் இவருடைய இனிஷியல். சீர் வைத்தவர்கள் பெயர்கள் சொம்பிலும் தாம்பாளத்திலும். தினம் தேய்த்துக் கவிழ்ப்பது நான். என் பெயர் மட்டும் தனியாக இருக்கிற சாமான் ஒன்றுகூட இல்லை. வருத்தமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

"வேண்டாங்க, என் பொண்ணு பேரே போடுங்க" என்றேன். இனிஷியலுக்கு ஒரு எழுத்து, பிறகு அவள் பெயர். மிஷின் கிர்ரென்று ஓடி முடிந்தது. மாமியாரே வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "எழுத்து நல்லா ஆழமா விழுந்திருக்கு" என்றார். குதிரையைப் பற்றி அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

நம் எல்லார் வீட்டிலும் குதிரை இல்லை, ஸ்கூட்டர் இருக்கிறது. காலேஜ் வாசலிலும் ஆபீஸ் ஸ்டாண்டிலும் ஒரே மாதிரி ஹெல்மெட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. இன்றைக்கே உங்கள் பிள்ளையின் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். பெயரும் ரத்த வகையும் உங்கள் நம்பரும் உள்ளே இருக்கின்றனவா? ஒரு முழம் நாடா, ஊசி நூல், கால் மணி நேரம். இவ்வளவுதான் செலவு.