நிறுத்தி வைத்த காப்பி

ஓர் ஊரை அறிய வேண்டுமானால், அங்குள்ள மக்கள் உண்பதை உண்டு பார்க்க வேண்டும் என்பார்கள். உணவோடு அதை உண்ணும் முறையையும் கற்க வேண்டும் என்பதைத் தென் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது உணர்ந்தேன். வெசூவியஸ் எரிமலைக்கு அருகில், கடலை நோக்கி அமைந்த பழைமையான துறைமுக நகரம் அது.

அங்கே பலருக்குக் காலைப்பொழுது காப்பிக்கடையில்தான் விடிகிறது. அக்கடையை அவர்கள் ‘பார்’ என்று அழைக்கிறார்கள். பெரும்பாலோர் நாற்காலியைத் தேடுவதில்லை. உயரமான மேடையருகே நின்றபடியே குடிக்கிறார்கள். பல கடைகளில் காப்பியுடன் சிறு குவளையில் தண்ணீரும் தருவார்கள். முதலில் தண்ணீரைக் குடித்து வாயைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும், பிறகுதான் காப்பி. உள்ளங்கையில் அடங்கும் கிண்ணத்தில் வரும் அந்தக் கெட்டியான காப்பி, இரண்டு மூன்று மடக்கில் தீர்ந்துவிடும். பால் நுரை ததும்பும் கப்புச்சினோவைக் காலையில்தான் குடிப்பார்கள். மதிய உணவுக்குப் பிறகு அதைக் கேட்பவர் வெளியூர்க்காரர் என்பது உடனே தெரிந்துவிடும்.

நண்பகலில் தெருவெங்கும் பீட்சா மணக்கும். ஏறத்தாழ 485 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள விறகு அடுப்பில், 60 முதல் 90 வினாடிக்குள் அது வெந்துவிடுகிறது. தக்காளி, பாலாடைக்கட்டி, துளசியை ஒத்த பேசில் இலை ஆகியவையே அதன்மேல் இருக்கும். சிறிய பீட்சாவை நான்காக மடித்து, தாளில் சுற்றித் தருவார்கள். மடித்த பணப்பையைப் போல் இருப்பதால் அதற்குப் ‘பணப்பை பீட்சா’ என்றே பெயர். கையால் உண்டு பழகிய எனக்கு, நடந்துகொண்டே அதைச் சாப்பிடுவது எளிதாக இருந்தது. நேப்பிள்ஸ் மக்களின் பீட்சா செய்யும் கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2017ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இன்று உலகமே விரும்பும் இந்த உணவு, ஒரு காலத்தில் ஏழைகளின் பசியாற்றிய உணவாகும். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சால் அந்நகரம் பெரிதும் சிதைந்தது. வறுமை வாட்டிய அக்காலத்தில், பெண்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே பீட்சாவை எண்ணெயில் பொரித்து விற்றனர். ‘இன்று சாப்பிடுங்கள், எட்டு நாளில் பணம் கொடுங்கள்’ என்பது அவர்களின் வணிக முறை. கையில் காசில்லாதவரும் கடனுக்கு வாங்கி, தலைநிமிர்ந்து உண்ண முடிந்தது.

அந்த மனப்பான்மை இன்னும் மறையவில்லை என்பதை ஒரு காப்பிக்கடையில் கண்டேன். என் அருகில் நின்ற ஒருவர் ஒரு காப்பி குடித்துவிட்டு, இரண்டு காப்பிக்குப் பணம் கொடுத்தார். இவ்வழக்கத்திற்குக் ‘காஃபே சொஸ்பேசோ’ என்று பெயர். ‘நிறுத்தி வைத்த காப்பி’ என்பது அதன் பொருள். வசதியற்ற ஒருவர் பின்னர் வந்து கேட்டால், அந்தக் காப்பி அவருக்குக் கிடைக்கும்.

சற்று நேரத்தில் ஒரு முதியவர் வாசலில் நின்று, “சொஸ்பேசோ இருக்கிறதா?” என்று கேட்டார். கடைக்காரர் தலையசைத்தார். மற்றவர்களுக்கு வைத்த அதே கிண்ணம், அதே குவளைத் தண்ணீர். முதியவரும் மற்றவர்களோடு மேடையருகே நின்று குடித்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்வையை விலக்கிக்கொண்டேன்.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்று நாம் சொல்வதுண்டு. ஆனால், உதவி செய்யும்போது பெறுபவரையும் நிற்க வைத்துப் படம் எடுப்பதை இன்று அடிக்கடி காண்கிறோம். பசி தீர்ந்தாலும், அவர் மனம் கூசுவதை யார் அறிவார்? நேப்பிள்ஸ் மக்களின் வழக்கத்தில் கொடுப்பவர் முன்னதாகவே போய்விடுகிறார். பெறுபவர் யாருக்கும் நன்றி சொல்லிக் குனிய வேண்டியதில்லை.

ஊர் திரும்பும் நாளன்று நானும் ஒரு காப்பி குடித்துவிட்டு, இரண்டிற்குப் பணம் கொடுத்தேன். அந்த இரண்டாவது காப்பியை யார் குடித்தார் என்று எனக்குத் தெரியாது. குடித்தவருக்கும் என்னைத் தெரியாது.