பாடு இல்லாதவங்க பட்ட பாடு

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ‘பாடு’ என்ற சொல்லுக்கு ரெண்டு அர்த்தம். ஒண்ணு, மீன் பிடிக்கிற முறை. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று குப்பத்துப் பஞ்சாயத்தில் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பேர். இன்னொண்ணு உலகத்துக்கே தெரிந்தது, மனுசன் படுகிற பாடு. முதல் பாடு பட்டினவர் குப்பங்களுக்கு. ரெண்டாவது எங்களுக்கு.

பாடு முறையைப் பற்றி வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். ஒருத்தனே ஏரியை வழித்து அள்ளிக்கொண்டு போகாமல் முறை வைத்துப் பங்கிடுகிற ஏற்பாடு என்று பாராட்டுகிறார்கள். நியாயம்தான். பணக்காரனும் ஏழையும் ஒரே சீட்டுக்குக் காத்திருக்கிற முறையை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்தச் சீட்டில் பேர் ஏற என்ன வேண்டும்? பாடு உள்ள குப்பத்தில், அந்தச் சாதியில், ஆம்பிளையாய்ப் பிறந்திருக்க வேண்டும். தலைக்கட்டுக் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். சேரிக்காரனுக்கும் இருளனுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. பொம்பளைக்கு எங்கேயுமே இல்லை.

எங்க காலனி காட்டுப்பள்ளிக்கு எதிரே, பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்குப் பக்கம். பேரை எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே யாரோ ஒருத்தர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். காட்டுப்பள்ளியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே எண்ணூர் முகத்துவாரம், கிழக்கே கடல், மேற்கே கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழி. நடுவில் நீட்டமாய்ப் படுத்துக்கிடக்கிற மணல் திட்டு. சவுக்குத் தோப்பு, பனை, கடலோரக் குப்பங்கள். எனக்கு விவரம் தெரிந்தபோது அவ்வளவுதான் காட்டுப்பள்ளி.

நைனா உப்பளக் கூலி. கோடை முழுக்க அத்திப்பட்டுப் பக்கம் உப்பு வாரப் போவார். பாதமெல்லாம் வெடித்திருக்கும். மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அப்போது வீட்டைக் காப்பாற்றியது அம்மாவும் ஆயாவும்தான். ரெண்டு பேரும் தண்ணியில் இறங்குவார்கள். வலை கிடையாது. கைதான் வலை. எறா தடவுறது என்று பேர். முட்டியளவு தண்ணியில் குனிந்து, ஆழம் கூடினால் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றுக்குள் ரெண்டு கையையும் விட்டுத் தடவிக்கொண்டே போகவேண்டும். எறா துள்ளுவது விரலுக்குத் தெரியவேண்டும். பிடித்ததைப் போட பனை ஓலையில் முடைந்த பறி. ரெண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் வாய் திறக்க முடியாது. கெளுத்தி முள் குத்தினாலும் கத்த முடியாது. கத்தினால் பறி விழுந்துவிடும், அன்றைய சோறும் விழுந்துவிடும். இந்தத் தொழிலில் எங்களுக்கு வாத்தியார் இருளர்கள். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சேற்றில் எறா எங்கே பதுங்கும் என்பதை ஆயாவுக்குக் கற்றுக் கொடுத்தது ஓர் இருளப் பொம்பளை. அவளை ஆயா கடைசிவரைக்கும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டாள்.

ஒருநாள் வலை கட்டியிருந்த ஆள் ஒருத்தர் தோணியிலிருந்தே அதட்டினார். “ஏ கெழவி, இங்க இன்னா பண்ற? இது எங்க பாடுன்னு தெரியாது?”

ஆயா பறியைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “பாடு ஒங்களுதுதான் சாமி. சேறு யாருது?”

அந்த ஆள் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எல்லா நாளும் சிரிப்போடு முடியவில்லை. நைனா ஒரு வருசம் உப்பளத்தில் முன்பணம் வாங்கி வீச்சுவலை ஒன்று வாங்கினார். மூணே நாள்தான் வீசினார். நாலாம் நாள் காலையில் கரையில் காயப்போட்டிருந்த வலை துண்டு துண்டாய்க் கிடந்தது. யார் அறுத்தது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. நைனா அதைச் சுருட்டிக் கொண்டுவந்து கோழி அடைக்கிற இடத்துக்கு மேலே கட்டினார். ரொம்ப நாள் எங்க வீட்டுக் கோழிகள் அந்த வலைக்குள்தான் இருந்தன. முன்பணத்துக்கு ரெண்டு கோடை கழிந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். வெளிநாட்டு ஏற்றுமதி வந்தபிறகு எறா விலை ஏறியது. ஆனால் விலை ஏறினால் பிடித்தவன் துன்ன முடியாது. ஆயா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து தரம் பிரிப்பாள். வெள்ளை எறா, வரி எறா எல்லாம் ஏஜெண்டுக்கு. எங்களுக்குக் கிடைத்தது உடைந்த எறாவும் உரித்துப் போட்ட தலையும். “ஒடம்பு அமெரிக்காக்காரனுக்கு, தல நமக்கு. புத்தி எங்க கீது? தலையிலதான? துன்னுடா, படிப்பு வரும்” என்பாள். எறாத் தலையை அம்மியில் தட்டிப் பிழிந்து, சாற்றை வடிகட்டி, புளியும் பூண்டும் மிளகும் போட்டுக் கொதிக்கவைத்தால் தெருவே மணக்கும். அந்தக் குழம்புக்கு ஈடாக நான் இதுவரைக்கும் எதையும் துன்னதில்லை. மற்ற நாளில் கேவுரு கூழு, தொட்டுக்க சென்னாக்குன்னித் துவையல். ஞாயிற்றுக்கிழமை கையில் காசிருந்தால் பெரிய கறி. மீதியை உப்புக்கண்டம் போட்டுக் கொடியில் தொங்கவிடுவாள் அம்மா. மழைக்காலத்துக்கு அதுதான் சேமிப்பு.

பள்ளிக்கூடத்தில் இந்தச் சாப்பாடு வேறு பாடம் நடத்தியது. கரை ஊர்ச் சாதிப் பிள்ளைகள், குப்பத்துப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். கருவாட்டு நாத்தமாம். குப்பத்துப் பிள்ளைகள் எங்க பக்கத்தில் உட்கார மாட்டார்கள். மாட்டுக்கறி நாத்தமாம். நாங்கள் இருளப் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொண்டோம் என்று கேட்டால், எங்க தெருவிலும் எலிக்கறி என்று மூக்கைப் பிடித்தவர்கள் இருந்தார்கள். அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிப்படியான சமத்துவமின்மை என்றார். நாத்தத்துக்கும் படி கட்டி வைத்திருக்கிற நாடு இது. மேல்படியில் நிற்கிறவன் மூக்குக்குக் கீழே இருக்கிற எல்லாருமே ஒரே நாத்தம்தான். அது மட்டும் கீழே இருக்கிறவனுக்குத் தெரிவதில்லை.

பாடு என்ற சொல்லுக்கு மூணாவது அர்த்தம் எனக்கு மைதானத்தில் கிடைத்தது. சடுகுடுவில் மூச்சு விடாமல் எதிரணிக் கோட்டுக்குள் போவதைப் பாடிப் போறது என்போம். “பாடுடா, பாடுடா” என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார்கள். காணும் பொங்கலுக்குக் காட்டுப்பள்ளி மணலில் ஆட்டம் நடக்கும். எங்க காலனி அணியும் போகும். ஏரியில் எங்களுக்குப் பாடு கிடையாது, மணலில் பாட விடுவார்கள்.

சடுகுடுவில் ஒரு விசேசம் உண்டு. தொடாமல் ஆட முடியாது. நான் தொட்டால் அவன் அவுட்டு. நான் தப்பக்கூடாது என்றால் ஏழு பேரும் சேர்ந்து என்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும். என் வேர்வை அவர்கள் மேல், அவர்கள் வேர்வை என் மேல். மணலில் எல்லாரும் ஒரே குவியல். ஆட்டம் முடிந்ததும் குடத்தில் தண்ணி வரும். அவர்களுக்குச் சொம்பு. எங்களுக்குக் கையைக் குவித்து நீட்டச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவார்கள். அரைமணி நேரம் முன்னால் என் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்த அதே கை, ஒரு முழம் தள்ளி நின்று ஊற்றும்.

பின்னாளில் பல்வங்கர் பாலுவைப் பற்றிப் படித்தபோது அந்தச் சொம்பு ஞாபகம் வந்தது. தீண்டத்தகாத சாதியில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். புனேயில் அவர் போட்ட பந்தைக் கையால் எடுத்த அதே ஆட்கள், இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். இந்துக்கள் அணிக்கு அவரைக் கடைசிவரை கேப்டனாக்கவில்லை. அவர் தம்பி விட்டல்தான் 1923இல் அந்த இடத்துக்கு வந்தார். கிரிக்கெட்டிலாவது பந்தைத்தான் தொடவேண்டும், ஆளைத் தொடாமல் தப்பித்துக்கொள்ளலாம். சடுகுடுவில் அதுவும் முடியாது. அப்படியும் தீட்டுத் தண்ணிக் குடத்துக்குப் பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்தது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்து, இந்தியா தங்கம் வாங்கியது. எங்க மணலில் அன்றைக்கும் ஒரு சொம்புதான்.

நான் போன பயணங்களில் மறக்க முடியாதது மகாத். கல்லூரி முடிந்து இயக்கத் தோழர்களோடு போனேன். சென்னையிலிருந்து மும்பைக்கு ரயில். அங்கிருந்து கொங்கணப் பக்கம் தெற்கே பஸ். மார்ச் 20. சவதார் குளத்தைச் சுற்றி ஜனம். 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் பொதுக் குளங்களை எல்லாருக்கும் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. மகாத் நகரசபையும் அதை ஏற்றது. காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. மாடு குடித்தது, மனுசன் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் போய்த் தண்ணியை அள்ளிக் குடித்த பிறகும், வழக்குப் பத்து வருசம் நடந்தது. 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

குளத்துப் படியில் நின்றபோது எனக்கு ஆயா ஞாபகம்தான் வந்தது. எங்க ஏரியில் தண்ணியைத் தொடக்கூடாது என்று யாரும் ஆயாவைத் தடுத்ததில்லை. வாழ்நாள் முழுக்க அவள் அந்தத் தண்ணிக்குள்தான் கிடந்தாள். அள்ளிக் குடிக்க முடியாத உப்புத் தண்ணி அது, அதில் தீட்டுப் பார்த்து என்ன ஆகப்போகிறது? தடை தண்ணிக்கு இல்லை, அதில் இருக்கிற மீனுக்கு. வருமானம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சாதி கோடு கிழிக்கும். கையால் தடவு, வலை வீசாதே. கூலிக்கு வா, பங்குக்கு வராதே. மகாத் எனக்கு இதைத்தான் தெளிவாக்கியது.

இன்றைக்கு அந்த ஏரிக்கும் மணலுக்குமே ஆபத்து. எண்ணூரில் 2001இல் ஒரு துறைமுகம் வந்தது. 2013இல் காட்டுப்பள்ளியிலேயே இன்னொன்று. அந்த 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கராக்கத் திட்டம் போட்டார்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தை 2021 ஜனவரி 22 என்று அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்று அறிவித்து மறுபடியும் தள்ளிவைத்தார்கள். குப்பத்து ஜனங்கள் விடாமல் போராடினார்கள். நாங்களும் கூட நின்றோம். மணல் திட்டு போனால் கடல் உள்ளே வரும். முகத்துவாரம் தூர்ந்தால் எறாக் குஞ்சு ஏரிக்குள் வராது. அப்புறம் பாடு உள்ளவனுக்கும் ஒன்றுமில்லை, பாடு இல்லாதவனுக்கும் ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு கூட்டத்தில் பாதிக்கப்படுகிறவர்கள் பட்டியல் எடுத்தார்கள். தோணி எத்தனை, இஞ்சின் எத்தனை, வலை எத்தனை என்று பத்தி பிரித்திருந்தது. அம்மா எழுந்தாள். “எனுக்குக் கைதான் கீது. கைய எதுல எழுதுவீங்க?” என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருந்த பையன் பேனாவை வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தான். 2004 சுனாமிக்குப் பிறகும் கடற்கரை நெடுக இந்தக் கேள்விதான் இருந்தது. படகு போனவனுக்கு நட்டக் கணக்கு இருந்தது. படகே இல்லாத தலித்துக்கும் இருளருக்கும் என்ன நட்டம் என்று கேட்டார்கள். நாகப்பட்டினத்தில் முகாமிலேயே தனியாகப் பிரித்து வைத்ததை அப்போதே பலர் எழுதியிருக்கிறார்கள்.

இதை எழுதினால் ஒற்றுமை கெட்டுப்போகும், எதிரிக்கு வசதியாகிவிடும் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏரி எல்லாருக்கும் பொது என்று துறைமுகத்துக்கு எதிராகச் சொல்கிற வாய், அதே வார்த்தையைப் பாடு சீட்டைப் பார்த்தும் சொல்லவேண்டும். பட்டியலில் கைக்கு ஒரு பத்தி வேண்டும். சீட்டில் சேரிக்கும் இருளருக்கும், எறா தடவுகிற பொம்பளைக்கும் பேர் வேண்டும். நாங்க போராட்டத்த வுட்டுப் போகல. பக்கத்துலதான் நிக்கிறோம். நின்னுக்கிட்டேதான் கேக்குறோம்.