நியூட்ரல்

கியர்பாக்ஸ் கெட்டுப்போவதில் ஒரு கொடுமை இருக்கிறது. எஞ்சின் நன்றாக ஓடும். சூடு ஏறாது, பின்பக்கம் தண்ணீர் ஒழுங்காகக் கொட்டும், முடுக்கினால் உறுமும். படகு மட்டும் நகராது. போன வருடம் லங்காவியில் ஒரு பாய்மரப் படகுக்கு நடந்தது அதுதான்.

பாய்மரப் படகுக்கு எதற்கு எஞ்சின் என்று வேலையிடத்தில் கேட்டார்கள். திறந்த கடலில் காற்று போதும். மரினாவுக்குள் வந்து, இரண்டு படகுகளுக்கு நடுவில் இருக்கும் சின்ன இடத்தில் நுழைந்து நிற்கக் காற்றை நம்ப முடியாது. படகுக்கு பிரேக் கிடையாது. ரிவர்ஸ் கியர்தான் பிரேக். அது பிடிக்கவில்லை என்றால் பக்கத்துப் படகுதான் பிரேக்.

லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு. வெளிநாட்டுப் படகுகள் வந்து மாதக்கணக்கில் நிற்கும். என் மாமா அந்தப் படகுகளின் எஞ்சின்களைப் பார்த்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இப்போது அவருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. எஞ்சினுக்குப் பின்னால், படுக்கைக்கு அடியில் இருக்கும் பொந்துக்குள் நுழைய முடியாது. "நீ ஒல்லியாத்தானே இருக்க, ரெண்டு நாளு லீவு போட்டுட்டு வாம்மா" என்றார். பினாங்கிலிருந்து கோல கெடா போய் ஃபெர்ரி ஏறினேன்.

எஞ்சின் யன்மார் 3ஜிஎம்30, மூன்று சிலிண்டர் டீசல். அதோடு வரும் கேஎம்3பி கியர்பாக்ஸில் நாம் காரில் பார்க்கிற தட்டு கிளட்ச் இல்லை. நடுவில் இரண்டு பக்கமும் கூம்பாகக் கடைந்த ஓர் இரும்புத் துண்டு. முன்னே தள்ளினால் ஒரு கியரின் குழிக்குள் போய் இறுகும், பின்னே தள்ளினால் மற்றதில். அது உட்கார்ந்திருக்கும் ஷாஃப்டின் பற்கள் திருகாணி மாதிரிச் சாய்வாக வெட்டப்பட்டவை. எஞ்சின் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறதோ அவ்வளவுக்குக் கூம்பு தானே இறுகிக்கொள்ளும். ரொம்ப அழகான ஏற்பாடு. ஆனால் இதே அழகு தலைகீழாகவும் வேலை செய்யும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயில் ஓடும்போது தண்ணீர் ப்ரொப்பெல்லரைச் சுற்றும். அப்போது கியர் முன்னே போட்டிருந்தால் விசை எதிர்ப்பக்கமிருந்து வருகிறது. கூம்பு இறுகாது, தளரும். தொட்டும் தொடாமலும் தேய்ந்துகொண்டே இருக்கும், மணிக்கணக்கில். அதனால்தான் பாயில் ஓடும்போது நியூட்ரலில் வைக்கச் சொல்கிறது யன்மார்.

படகுக்காரர் எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர். ஊரில் இருந்த வீட்டை விற்று வாங்கிய படகு. வேறு வீடு இல்லை. நியூட்ரலில் விட்டால் ராத்திரி முழுக்க ஷாஃப்ட் சுழலும் சத்தம் தலையணைக்கு அடியில் கேட்கிறதாம். தூங்குவதற்காக கியர் போட்டுவிடுவாராம். எத்தனை வருடமாக என்று மாமா கேட்கவில்லை.

கூம்பைப் பசை போட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று அவர் எங்கோ படித்திருந்தார். உண்மைதான், செய்யலாம். மாமாவே அந்தக் கூம்பை முன்பு இரண்டு முறை தேய்த்துக் கொடுத்திருக்கிறார். இந்த முறை கழற்றிப் பார்த்தபோது கூம்பில் எண்ணெய் வெளியேறும் வரிப்பள்ளங்கள் ஏறக்குறைய மறைந்திருந்தன, குழிப்பக்கமும் கண்ணாடி மாதிரி மின்னியது. மெக்கானிக் "மாத்தணும்" என்று சொன்னாலே காசு பிடுங்கப் பார்க்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும். மாமா ஒன்றும் வாதாடவில்லை. கூம்பை அவர் கையில் கொடுத்து, நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார். அவர் கீறினார். வெகுநேரம் கழித்து விலை கேட்டார்.

புதுப்பித்த கியர்பாக்ஸ் ஒன்று வந்தது. மாமா முதலில் டார்ச் அடித்துப் பார்த்தது அதன் தகட்டில் குத்தியிருந்த எண்ணைத்தான். 2.61. பழையதிலும் அதே. விகிதம் மாறினால் இருக்கிற ப்ரொப்பெல்லர் பொருந்தாது. மற்றபடி கழற்றி மாட்டுவது பெரிய வித்தை இல்லை. துருவேறிய கப்ளிங் போல்ட்டுகள்தான் அரை நாளைத் தின்றன. ஷாஃப்டைப் பின்னுக்குத் தள்ளி, தலைகீழாகத் தொங்கியபடி கியர்பாக்ஸைக் கழற்றினேன். உள்ளே போனதோடு டேம்பர் தட்டின் ஸ்பிரிங்குகளையும் பார்த்து அதையும் மாற்றினோம். இன்னொரு முறை அந்தப் பொந்துக்குள் போக யாருக்கும் ஆசை இல்லை.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். அடிப்பாகத்துக்குச் சாயம் பூசப் படகைக் கரையேற்றி, முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அங்கேயே கப்ளிங்கின் இரண்டு முகங்களுக்கு நடுவில் ஃபீலர் கேஜை விட்டு, மேலே கீழே இடம் வலம் அளந்து, வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் வரும்படி எஞ்சின் கால்களைச் சரிசெய்தேன். நூறு மில்லிமீட்டர் கப்ளிங்குக்கு அதுதான் கணக்கு. மறுநாள் காலை படகு தண்ணீரில் இறங்கியது. அவர் அன்றைக்கே கிளம்பத் தயார். பூக்கெட் சுமார் 120 கடல்மைல், காற்றும் சாதகம், மரினாவில் ஒவ்வொரு நாளும் வாடகை.

மாமா விடவில்லை. "நாளைக்கி காலைல மறுபடி அளக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார், படித்த பிள்ளையாயிற்றே என்று. நான் தொழிற்சாலையில் பம்புகளுக்கு லேசர் வைத்து அலைன்மென்ட் பார்க்கிறவள். அந்தப் பம்புகள் கான்கிரீட்டில் நிற்கின்றன. ஃபைபர் படகு அப்படி இல்லை. கரையில் அதன் மொத்தப் பாரமும் அடிக்கட்டையில் உட்கார்ந்திருக்கும். தண்ணீரில் எல்லாப் பக்கமிருந்தும் தாங்கப்படும். பாய்மரக் கம்பிகளை இறுக்கினால் முன்னும் பின்னும் மேலே இழுபடும். படகு வளைகிறது, எஞ்சினும் கூடவே நகர்கிறது. இதை அவருக்கு ஆங்கிலத்தில் நான்தான் சொன்னேன். அவர் கோபம் தணியவில்லை. வாடகையை யார் கொடுப்பது என்றார். "என் கூலியில கழிச்சிக்கச் சொல்லு" என்றார் மாமா. அவருக்கு முழங்கால் ஊசிக்கே காசு வேண்டியிருந்த மாதம் அது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு உள்ளே போனேன். மேலே 0.35 போனது, கீழே 0.05 போகவே முறுக்கியது. அளவுகளை ஒவ்வொன்றாகக் கத்தினேன். மாமா மேலே உட்கார்ந்து ஒரு சிகரெட் அட்டையில் எழுதினார். படகுக்காரர் அந்த அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே எனக்குக் காப்பி கலந்து கொடுத்தார். இரண்டு மணி நேரத்தில் 0.08க்குக் கொண்டுவந்து போல்ட்டை இறுக்கினோம். கூலியில் எதுவும் கழிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து பூக்கெட்டிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. கியர் அருமையாகப் பிடிக்கிறதாம், ஆனால் ஷாஃப்ட் சத்தத்தில் இரண்டு ராத்திரியும் பொட்டுத் தூக்கம் இல்லையாம்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். மாமா சிரித்துவிட்டு, "நல்லதுன்னு போடு" என்றார்.