படமும் மறுபடமும்

கல்லூரி மலரிலே சைவத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் பழைய ஆசிரியர்களின் பெருமையைப் பற்றியும் எழுதுதற்குத் தக்கோர் பலர் உளர். அவர்தம் கட்டுரைகள் இம்மலரின் முற்பக்கங்களை அணிசெய்யும் என்பதில் ஐயமில்லை. மலர்க்குழுவினர் எமக்கு ஒதுக்கியவை பிற்பக்கங்களிற் சில. பொருளையும் எம் விருப்பிற்கே விட்டனர். ஆதலின், பழைய மாணவர் இருவர் எங்கே சந்தித்தாலும், ஊர்ச் சுகம் விசாரித்து முடித்தபின் எதனைப் பேசத் தொடங்குவரோ அதனையே யாமும் எடுத்துக்கொண்டோம். அது சினிமா.

சென்ற சில மாதங்களாகப் பழையனவும் புதியனவுமாகிய படங்கள் சிலவற்றை ஓர் ஒழுங்கு வைத்துப் பார்த்து வந்தோம். ஒரு மொழியிலே பிறந்த கதையை மற்றொரு மொழியிலே மீண்டும் படமாக்குதலை ‘ரீமேக்’ என்று எல்லோரும் வழங்குவர். யாம் அதனை மறுபடம் என்போம். மூலத்தை ஓரிரவிலும் மறுபடத்தை அடுத்த இரவிலும் பார்த்தால் கதைக்கு நேர்ந்தது யாது என்பது நன்கு விளங்கும். அவ்வாறு பார்த்தவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சில கூறுவோம்.

மறுபடம் என்றதும் முகஞ் சுளிப்பார் உளர். சொந்தச் சரக்கு இல்லாதவன் செய்யும் வேலை அது என்பது அவர் கொள்கை. அவர்களுக்கு எமது ஊரிலிருந்தே விடை சொல்லலாம். சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) காளிதாசனுடைய மேகதூதத்தை ‘மேகதூதக் காரிகை’ எனத் தமிழிற் பாடினார். அவருக்கு நெடுங்காலம் முன்னரே நல்லூர் அரசகுலத்தவரான அரசகேசரி காளிதாசனுடைய இரகுவம்சத்தைத் தமிழ்க் காப்பியமாக்கினார். இவர்களைச் சரக்கில்லாதவர் என்று எவரும் கூறத் துணியார்.

கதை தெரிந்தபின் பார்ப்பதில் என்ன சுவை என்று வினவுவாரும் உளர். கோயில்களிலே கந்தபுராண படனம் கேட்டவர் இவ்வினாவை எழுப்புதல் ஆகாது. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். சூரபன்மன் ஈற்றில் மயிலும் சேவலும் ஆவான் என்பது கேட்போர் யாவருக்கும் தெரியும். தெரிந்தும் ஆண்டுதோறும் வந்து அமர்வர். இவ்வாண்டு பயன் சொல்பவர் எவ்வாறு சொல்லுகின்றார் என்பதே அவர்களுக்கு வேண்டியது. கதை ஒன்றே; பயன் சொல்பவரோ வேறு. மறுபடத்தை அளத்தற்கும் இதுவே அளவுகோல் என்பது எம் கருத்து.

இனிப் படங்களுக்கு வருவோம்.

‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965): தெலுங்கில் ‘ராமுடு பீமுடு’ (1964) என வந்த கதை இது. பின்னர் இந்தியில் ‘ராம் அவுர் சியாம்’ (1967) ஆயிற்று. மூன்றையும் இயக்கியவர் சாணக்கியா ஒருவரே. கோழையாகிய ஒருவனும் வீரனாகிய ஒருவனும் உருவொத்த இரட்டையர், இடம் மாறுகின்றனர். தெலுங்கில் என். டி. ராமராவும், தமிழில் எம். ஜி. ஆரும், இந்தியில் திலீப் குமாரும் இரட்டை வேடம் தாங்கினர். இந்திப் படத்திலே திலீப் குமாரின் நகைச்சுவை மேலோங்குகின்றது. தமிழிலோ சவுக்கைக் கையிலேந்திப் பாடும் ஒரு காட்சியே படம் முழுவதையும் தன்னுள் அடக்கிவிட்டது. அக்காட்சியிற் பாடுபவன் கதைத்தலைவனாகத் தோன்றவில்லை. தமிழ்நாட்டிலே பின்னாளில் ஆட்சிபுரிந்த ஒருவரையே காண்கின்றோம். ஒரே சமையற்காரர், ஒரே பண்டம். உண்பவர் நாவுக்கேற்பப் புளியும் உறைப்பும் மாறின. நன்று.

‘பாசமலர்’ (1961): அண்ணன் தங்கை கதை. இயக்கியவர் ஏ. பீம்சிங், நடித்தவர் சிவாஜி கணேசனும் சாவித்திரியும். அடுத்த ஆண்டே தெலுங்கில் ‘ரக்த சம்பந்தம்’ எனவும் இந்தியில் ‘ராக்கி’ எனவும் வந்தது. தெலுங்கிலும் சாவித்திரியே தங்கை. எனவே கண்ணீருக்குக் குறைவில்லை. எமக்கு வியப்பூட்டியது இந்திப் படத்தின் பெயரே. வடநாட்டிலே தங்கை அண்ணன் கையிற் கட்டும் காப்புநூலுக்கு ராக்கி என்று பெயர். அவ்வழக்கம் எம்மிடையே இல்லை. தமிழ்க் கதையைக் கொண்டு சென்றவர்கள், அவ்வூர் மக்கள் எந்த ஒரு நூலைக் கண்டால் உள்ளம் உருகுவரோ அதனைத் தேடிப் பிடித்துப் பெயராக வைத்தனர். அவர்கள் மறுபடத்தின் மருமம் அறிந்தவர்.

‘மூன்றாம் பிறை’ (1982): மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திராவின் படம். கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் நடித்தனர். மறு ஆண்டே அவரே அவ்விருவரையும் கொண்டு இந்தியில் ‘சத்மா’ எனச் செய்தார். புகைவண்டி நிலையத்திலே, தன்னை மறந்துவிட்டவளுக்குத் தன்னை நினைவூட்டுதற்காக ஒருவன் குரங்குபோல ஆடும் ஈற்றுக் காட்சி இரண்டிலும் ஒன்றே. இந்தியிலும் அது கல்லைக் கரைக்கும். ஆயினும் மூலத்தைக் கண்டவர்க்கு, ஒருமுறை அழுத அழுகையை மீண்டும் அழுது காட்டச் சொன்னாற்போன்ற ஒரு கூச்சம் தோன்றாமற் போகாது.

‘96’ (2018): பழைய மாணவர் எவரும் தவறாது காணவேண்டிய படம். தஞ்சாவூர்ப் பாடசாலை ஒன்றிலே 1996இற் படித்தவர்கள் 22 ஆண்டுகளுக்குப் பின் சென்னையிற் கூடுகின்றனர். கைத்தொலைபேசிக் குழுவிலே ஒருவரையொருவர் தேடிப் பிடிப்பதும், சிங்கப்பூரிலிருந்து ஒருத்தி வந்திறங்குவதும் எமக்குப் புதியன அல்ல. எமது வகுப்புத் தோழரும் டொரொன்டோ, இலண்டன், சிட்னி என்று சிதறிக் கிடப்பவரே. நாயகிக்கு ஜானகி என்று பெயர், பாடகி எஸ். ஜானகியின் பெயரே அது. ‘தளபதி’ (1991) படப் பாடலொன்றைப் பாடுமாறு வகுப்புத் தோழன் பலகாலும் கேட்க, அவள் பாடாது கழித்து, ஆண்டுகள் பல சென்றபின் ஓர் இரவிற் பாடுகின்றாள். அக்காலத்துப் பிள்ளைகளுக்கு அப்பாடல் வீட்டு முற்றத்து வேம்பு போன்றது. ஆதலின் அக்காட்சி நெஞ்சைத் தொடுகின்றது. இதனை இயக்கிய சி. பிரேம்குமாரே 2020இல் தெலுங்கில் ‘ஜானு’ எனச் செய்தார். காட்சிக்குக் காட்சி பிசகவில்லை. அதுவே குறை. பாடசாலை நினைவு என்பது ஒரு மரம், ஒரு மணியோசை, ஒரு பாட்டு ஆகியவற்றோடு ஒட்டியது. வேரோடு பெயர்த்தெடுத்து வேறு நிலத்தில் நாட்டினால் அந்நிலத்து நீரை அது குடித்தல் வேண்டும். ‘ஜானு’ குடிக்கவில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக எம்மைப் பலநாள் ஆட்கொண்டது ஒரு மலையாளக் கதை. 2013இல் ஜீத்து ஜோசப் இயக்கிய ‘திரிஷ்யம்’ அது. நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஊருக்குத் தொலைக்காட்சி இணைப்புக் கொடுத்துப் பிழைக்கும் ஜார்ஜுகுட்டி இரவெல்லாம் படம் பார்ப்பவன். அவன் மூத்த மகளை ஓர் இளைஞன் கள்ளமாகப் படம் பிடித்து மிரட்டுகின்றான். தாயும் மகளும் தம்மைக் காக்க முயன்றவிடத்து அவன் இறந்துபடுகின்றான். இறந்தவன் பொலிஸ் மேலதிகாரி ஒருத்தியின் ஒரே மகன். தந்தை உடலை மறைக்கின்றான். தான் பார்த்த படங்களிலிருந்து கற்ற தந்திரத்தாற் குடும்பத்தைக் காக்கின்றான். உடல் எங்கே என்பது பார்ப்போருக்கு ஈற்றிலேதான் தெரியவரும்.

இக்கதை தெலுங்கு, கன்னடம், தமிழ், இந்தி, சிங்களம், சீனம் என்று நாடு நாடாகச் சென்றது. தமிழில் ‘பாபநாசம்’ (2015). இயக்கியவர் மூலத்தின் இயக்குநரே. மலையாளத்துக் கிறித்தவக் குடும்பம் தாமிரவருணிக் கரை இந்துக் குடும்பமாயிற்று. மோகன்லால் ஏற்ற வேடத்தைக் கமல்ஹாசன் ஏற்றார். ஜெயமோகன் எழுதிய உரையாடல் திருநெல்வேலி வழக்கிலே நடக்கின்றது. பாவத்தை நாசஞ்செய்யும் தலம் என்னும் பொருளுடைய ஊர்ப்பெயரே படத்துக்குப் பெயராயிற்று. குற்றத்தை மறைத்தவன் கதைக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது. மூலத்திலே மோகன்லால் கண்ணிலே நீரைத் தேக்கி நிறுத்துவார். கமல்ஹாசன் அதனை ஒழுக விடுகின்றார். அடக்கம் சிறந்ததா, அழுகை சிறந்ததா என்று எம் வீட்டிலே இன்றும் வழக்குத் தீர்ந்தபாடில்லை. எம் தீர்ப்பு: நெல்லைத் தமிழ் பேசும் அத்தந்தை அழாது நின்றிருப்பானாயின் பொய்யாகத் தோன்றியிருப்பான்.

சீனத்துப் படம் 2019இல் வந்தது. கதை தாய்லாந்திலே நிகழ்கின்றது. அங்கே தந்தை ஈற்றிற் குற்றத்தை ஏற்றுத் தன்னைச் சட்டத்திடம் ஒப்படைக்கின்றான். கதை ஒவ்வொரு நாட்டின் நீதியுணர்வோடும் ஒருவகை உடன்படிக்கை செய்துகொண்டே செல்கின்றது என்பது இதனாற் புலனாகும்.

சிங்களப் படம் ‘தர்மயுத்தய’ (2017). இயக்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த செய்யாறு ரவி. தந்தையாக நடித்தவர் ஜாக்சன் அந்தனி. இதில் வியப்பில்லை. முதலாவது சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுனு பொரொந்துவ’ (1947) மதுரையிலேதான் எடுக்கப்பட்டது. பாக்குநீரிணை படச்சுருளுக்கு ஒருபோதும் அகலமாக இருந்ததில்லை.

இவ்விடத்திலே ஒன்று சொல்லவேண்டும். ‘பாபநாசம்’ படத்தை எம் வீட்டில் அயலவர் சிலரோடு கூடியிருந்து பார்த்தோம். பொலிசார் சிறுமியை அடிக்கும் காட்சியில் எல்லோரும் கொதித்தனர். அந்தப் பொலிஸ் மேலதிகாரியை வையாதார் இல்லை. படத்தின் ஈற்றிலே அவளும் கணவனும் உத்தியோகத்தையும் அதிகாரத்தையும் விட்டு வெறும் பெற்றோராக வந்து நிற்கின்றனர். மகன் இனி வருவானா, மாட்டானா என்பது மட்டுமே அவர்கள் அறிய விரும்புவது. அப்போது எம் அயலிலுள்ள ஓர் அம்மா மெல்லச் சொன்னார்: “கெட்டவள்தான். எண்டாலும் பிள்ளை இருக்கோ இல்லையோ எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் அவளுக்குக் காணும்.”

எவரும் பேசவில்லை. அவருடைய மகன் போர்க்காலத்திலே வீட்டைவிட்டுப் போனவன். இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. அவனுடைய சட்டைகளை அவர் ஆண்டுதோறும் தோய்த்து வெயிலிற் காயவிட்டு மடித்து வைப்பதை நாம் அறிவோம்.

அதே கதையை உலகமெல்லாம் பார்த்தது. பிற நாட்டவர் தந்தையின் பக்கம் நின்று பார்த்தனர். அவன் பிடிபடுவானோ என்று அஞ்சினர். எமது மண்ணிலே ஒரு தாய் எதிர்ப்பக்கத்துத் தாயின் பக்கம் நின்று அதனைப் பார்த்தார். படத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆயினும் அன்றிரவு எம் விறாந்தையிலே ஓடியது வேறு படம். சிங்களப் படம் வெளிவந்த அதே 2017ஆம் ஆண்டு மாசி மாதத்திலேதான் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்தனர். அவர்கள் கேட்டதும் இவ்வொரு வினாவே.

காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் ‘அரிச்சந்திர மயான காண்டம்’ பார்த்து எம் முன்னோர் இரவிரவாக அழுதனர். பாம்பு தீண்டி இறந்த மகனைச் சந்திரமதி மயானத்துக்குக் கொண்டு வருகின்றாள், சுடுதற்குக் கூலியில்லை. அதனினும் பெரிய துன்பம் ஒரு தாய்க்கு இல்லை என்றே யாமும் கருதியிருந்தோம். சந்திரமதிக்கு மகனுடைய உடலாவது கிடைத்தது என்று எண்ணவேண்டிய காலம் எமக்கு வந்தது.

ஆகவே யாம் கண்ட முடிபு இது. மறுபடங்களுள் இறுதியானதை இயக்குநர் எடுப்பதில்லை, பார்ப்பவரே எடுக்கின்றனர். பார்ப்பவர் நெஞ்சிலுள்ளதை அறிந்து அதற்கு இடம் விட்டு எடுக்கும் படமே நல்ல படம். நெல்லைத் தமிழுக்கு அவ்விடம் கிடைத்தது, சிங்களத்துக்கும் கிடைத்தது. யாழ்ப்பாணத் தமிழுக்கு? ‘தெனாலி’ (2000) படத்திலே எமது பேச்சு நகைச்சுவைக்குப் பயன்பட்டது. யாமும் சிரித்தோம், குறையில்லை. தர்மசேன பத்திராஜாவின் ‘பொன்மணி’ (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978) போன்றவை எமது மண்ணின் முகத்தைக் காட்டின. அவ்வரிசை நீளவில்லை.

இன்று கல்லூரியிற் படிக்கும் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே குறும்படம் எடுத்துக் காட்டுகின்றனர். அவற்றிற் சிலவற்றைப் பார்த்தோம். சண்டையும் நடையும் சென்னையைப் போலவே இருக்கின்றன, பேச்சும் அவ்வாறே. தம்பிமாரே, கதையை எங்கிருந்தும் எடுங்கள். கேரளத்திலிருந்தும் எடுக்கலாம், கொரியாவிலிருந்தும் எடுக்கலாம். எடுத்த கதையைச் சுன்னாகம் சந்தையிலும் பனங்கூடலிலும் கிணற்றடியிலும் நடக்கவிடுங்கள். சட்டையை மடித்து வைக்கும் அந்த அம்மா பேசும் தமிழிலே அது பேசட்டும். காளிதாசனுடைய மேகத்தைச் சுன்னாகத்துப் புலவர் தமிழ் வானிலே உலவவிட்டார், உங்களாலும் ஆகும்.

அத்தகைய படமொன்று வருமாயின், அடுத்த மலரிலே அதனைப் பற்றி எழுதுதற்கு எமக்கு முற்பக்கமே ஒதுக்குமாறு மலர்க்குழுவினரை இப்போதே வேண்டிக்கொள்கின்றோம்.