அத்தைக்கு அனுப்பிய பணம்

பைராம் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில், தீபாவளிக்கு முன்னர் அப்பா என்னை நிபோங் திபால் அஞ்சலகத்திற்கு அழைத்துச் செல்வார். தமிழ்நாட்டிலுள்ள அத்தைக்கு மணியார்டர் அனுப்புவோம். படிவத்தில் முகவரியை எழுதுவது என் வேலை. “ஊரு, தாலுகா, மாவட்டம் எல்லாம் சரியா இருக்கான்னு இன்னொரு தடவை பாருய்யா,” என்பார் அப்பா.

சென்ற ஆண்டு அத்தைக்கு இருதய அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. மருத்துவமனை முன்பணம் கேட்டது. அத்தை மகன் தன் வங்கிக் கணக்கு எண்ணையும் 11 இலக்கங்கள் கொண்ட ஒரு குறியீட்டையும் அனுப்பினார். வங்கிப் படிவத்தில், ‘சுவிஃப்ட் குறியீடு’ என்ற கட்டத்தில் அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

நான்கு நாள்களாகியும் பணம் போய்ச் சேரவில்லை. சிகிச்சை தள்ளிப்போனது. அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால், கைப்பேசி ஒலித்தபோதெல்லாம் என் முகத்தையே பார்த்தார்.

வங்கியில் விசாரித்தபோதுதான் என் பிழை புரிந்தது. நான் எழுதியது, இந்தியாவுக்குள் பணம் அனுப்புவதற்குரிய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. நாடு விட்டு நாடு அனுப்ப வேறு குறியீடு வேண்டும். 1973ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் தொடங்கப்பட்ட சுவிஃப்ட் என்ற அமைப்பு, வங்கிகளுக்கிடையே பணம் பற்றிய செய்திகளைக் கொண்டு செல்கிறது. அதன் குறியீட்டில் முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிக்கும். அடுத்த இரண்டு நாட்டையும் அதற்கடுத்த இரண்டு இடத்தையும் குறிக்கும். கிளையைக் குறிக்க மேலும் மூன்று சேர்வதுண்டு. அப்போது இதுவும் 11 இலக்கங்களாகிவிடும். குழப்பம் அங்கேதான் வருகிறது.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம் இருக்கும். சுவிஃப்ட் குறியீட்டில் ஐந்தாவது, ஆறாவது இடங்களில் நாட்டின் எழுத்துகள் இருக்கும். இந்தியாவுக்கு ‘ஐ, என்’. மலேசியாவுக்கு ‘எம், ஒய்’.

சரியான குறியீட்டை அத்தை மகன் தம் வங்கியிலேயே கேட்டு அனுப்பினார். புதிய படிவத்தை நிரப்பியதும் அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இன்னொரு தடவை பாருய்யா,” என்றார். ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தேன்.

இரண்டாம் நாள் பணம் சேர்ந்தது. மறுவாரம் அத்தையே தொலைபேசியில் பேசினார். அஞ்சலகத்தில் முகவரி எழுதிய அதே கவனம்தான் இன்றும் தேவைப்படுகிறது. கருவிகள் மாறலாம், சரிபார்க்கும் பழக்கம் மாறக்கூடாது.