வெட்டிப் போட்ட அரண்மனை

பழைய வீடியோ கேம்களை விளையாடுவதைவிட, அவற்றை உருவாக்கும்போது எதையெல்லாம் தூக்கிப் போட்டார்கள் என்று தோண்டிப் பார்ப்பதில்தான் எனக்கு ருசி அதிகம். பி.காம் படிக்கிறவனுக்கு இது என்ன வேலை என்று கேட்காதீர்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கில் பாதி முடிந்த சரக்குக்குக்கூட ஒரு மதிப்புப் போடச் சொல்கிறார்கள். கேம் கம்பெனிகளுக்கு அந்தப் புத்தி அன்றைக்கு இல்லை!

'சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் 2' தெரியும்தானே? நீலக் கலரில் ஒரு முள்ளெலி தலைதெறிக்க ஓடும், குதிக்கும், வளையம் பொறுக்கும். கலிஃபோர்னியாவில் இருந்த சேகா டெக்னிகல் இன்ஸ்டிட்யூட்டில் உருவாகி 1992 நவம்பரில் வெளிவந்தது. அதற்கு முன் பத்திரிகைகளில் வந்த படங்களில் 'ஹிடன் பேலஸ்' என்று ஒரு லெவல் இருந்தது. படிகங்கள் மின்னும் குகை. காசு கொடுத்து வாங்கிய கார்ட்ரிட்ஜில் அதைக் காணோம். வெட்டிவிட்டார்கள்.

1999-ல் ஒரு ரசிகர் ஏதோ சீன இணையதளத்தைக் குடைந்தபோது, இந்த கேமின் முடிக்கப்படாத பிரதி, அதாவது புரோட்டோடைப், கிடைத்தது. ஏழு வருஷமாகப் படத்தில் மட்டும் பார்த்த குகைக்குள் சோனிக்கை ஓட்ட முடிந்தது! கூடவே 'வுட் ஸோன்' என்று ஒரு காட்டு லெவல். கொஞ்ச தூரம் போனால் தீர்ந்துவிடும். 2006-ல் இதைவிடப் பழைய பிரதி வெளியே வந்தது. 'நிக் ஆர்கேட்' என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் காட்டப்பட்டது அது. முதல் சோனிக்கின் மேலேயே இரண்டாவதைக் கட்டியிருக்கிறார்கள் என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. 1992-ல் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் ஒரு மாதிரி கார்ட்ரிட்ஜ் திருடு போனது என்று புரோகிராமர் யூஜி நாகா பின்னாளில் சொன்னார். சட்டப்படி திருட்டு திருட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் இப்படிக் கைமாறிய பிரதிகள் இல்லாவிட்டால், அந்தக் குகையை நாம் யாரும் விளையாடிப் பார்த்திருக்க மாட்டோம். பத்திரமாக வைக்க வேண்டியவர்கள் வைக்கவில்லை. வைத்திருக்கக் கூடாதவர்கள் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. கோடை அக்கக்காகப் பிரித்து, தங்கள் இஷ்டத்துக்கு மாற்றி, வெட்டிய லெவல்களை ஒட்டிப் புதுப் பிரதிகள் செய்தார்கள். (சேகாவும் இந்த மாதிரி ஒரு வேலையைச் செய்ததுண்டு. 1994-ல் வந்த 'சோனிக் அண்ட் நக்கிள்ஸ்' கார்ட்ரிட்ஜின் தலையில் சோனிக் 2-ஐச் செருகினால் நக்கிள்ஸை வைத்து ஆடலாம்.) அந்த ரசிகர் கூட்டத்திலிருந்து வந்த கிறிஸ்டியன் வைட்ஹெட், சைமன் தாம்லி இருவரும்தான் 2013-ல் சேகாவுக்காகவே மொபைலுக்கு சோனிக் 2-ஐத் திரும்பக் கட்டினார்கள். 2017-ல் வந்த 'சோனிக் மேனியா'விலும் இவர்கள் கை உண்டு.

மொபைல் பிரதியில் ஹிடன் பேலஸை முழுசாக முடித்து வைத்தார்கள். அதற்கு வழி எங்கே வைத்தார்கள் தெரியுமா? மிஸ்டிக் கேவ் லெவலில் ஒரு முள் குழி உண்டு. சூப்பர் சோனிக்காக விழுந்தால் ஏறவும் முடியாது, சாகவும் முடியாது. வளையம் தீரும்வரை உள்ளேயே கிடக்க வேண்டும். எல்லோரும் சபித்த அந்தக் குழிதான் வாசல்! குசும்பு பிடித்தவர்கள்.

அதில் புது வில்லன் சண்டையெல்லாம் உண்டு. எனக்கென்னவோ 1999-ல் கிடைத்த அந்த அரைகுறைக் குகைதான் பிடிக்கிறது. வில்லன் கிடையாது, முடிவும் கிடையாது. சும்மா ஓடிக்கொண்டிருக்கலாம்.